காஜா பாய் வீட்டு லாரி ட்யூபுகள்

காஜா பாய் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பிய வருஷம் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடவில்லை. ஊரார் ஃபிரிட்ஜை எல்லாம் ரிப்பேர் செய்கிறவர் வீட்டில் ஃபிரிட்ஜ் என்பது துணி அலமாரி. மேல் தட்டில் அவர் சம்சாரம் ஹஃபீசா அக்காவின் புடவைகள். கீழே காய்கறி வைக்கிற டப்பாவில் பாயின் பனியன்கள். இந்த ஆள் அண்டார்டிகாவுக்கு மேலே விழுந்த ஓட்டையை அடைக்கப் போகிறேன் என்று சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? நாங்கள் சிரித்தோம். சந்து முழுக்கச் சிரித்தது.

சேலையூரில் கேம்ப் ரோட்டை விட்டு எங்கள் சந்துக்குள் திரும்பினால் முதல் கடை அவருடையது. முன்னால் கடை, பின்னால் இரண்டு ரூம், அதற்கும் பின்னால் துவைக்கிற கல் போட்ட கொல்லை. இரண்டு ரூமில் ஒன்றுக்குத்தான் ஜன்னல் உண்டு. அந்த ஜன்னல் ரூமைப் பற்றித்தான் இந்தக் கதையே. அதனால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்றால் எங்கள் ஊரில் ஒரே மாதிரிதான். செப்புக் குழாயை பிளையரால் கடித்து விட்டால் உள்ளே இருக்கிற பழைய கேஸ் ஸ்ஸ்ஸென்று சீறிக்கொண்டு வெளியே போகும். மெக்கானிக் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். பிறகு குழாயை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கும் புது கேஸையே திறந்து விடுவார்கள், தண்ணீர்க் குழாயைத் திறப்பது போல. காஜா பாய் இருபது வருஷமாக அப்படித்தான் செய்தார். வெயில் காலத்தில் அந்தக் குளுகுளு கேஸைக் கையில் கொஞ்சம் அடித்துக்கொண்டு “ஊட்டி, ஊட்டி” என்பார். தங்கமான மனுஷராகத்தான் இருந்தார்.

தொண்ணூற்றேழில் சுப்ரமணியன் என்று ஒரு ஆபீசர் ஜீப்பில் வந்தார். ஏதோ வெளிநாட்டு அமைப்பாம், பட்டணத்தில் ஆபீசாம். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கத்து ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகளை எல்லாம் ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிட்டார். மவுண்ட் ரோடு பெரிய ஓட்டலில் வகுப்பு. மதியம் பிரியாணி. இரும்புலியூரில் கடை வைத்திருக்கிற சிட்டிபாபு பிரியாணிக்காகப் போனான். காஜா பாயும் பிரியாணிக்காகத்தான் போனார். சிட்டிபாபு சாப்பிட்டுவிட்டு மனுஷனாகத் திரும்பி வந்தான். பாய் தலையில் உலக உருண்டை படம் போட்ட வெள்ளைத் தொப்பியோடு வந்து இறங்கினார்.

அன்று சாயங்காலம் கடை வாசலில் எங்களுக்கெல்லாம் பாடம் நடந்தது.

“த பாருங்க. வானத்துக்கு மேல ஓசோன்னு ஒண்ணு கீது. கூரை மாதிரி. நம்ம கேஸு மெதுவா மேல போய் அத்த அரிக்குது. அண்டார்டிகாவுல ஓட்டையே வுழுந்துடுச்சு. படம் காட்டினாங்க.”

“யாரு பாய் அரிச்சது?” என்று கேட்டான் சிட்டிபாபு. “நீயா, நானா?”

“எல்லாருந்தான்.”

“அப்ப அமெரிக்காகாரன் இன்னா, பானைத் தண்ணியா குடிச்சுகினு இருந்தான்?”

சிட்டிபாபு கேட்டது நியாயம். எனக்குப் பிறகு தெரிந்த வரைக்கும் சமாசாரம் இதுதான். பணக்கார நாட்டுக்காரர்கள் ஐம்பது அறுபது வருஷம் வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ், காருக்கு ஒரு ஏசி, தலைமுடிக்கு ஒரு ஸ்ப்ரே என்று அடித்துத் தீர்த்தார்கள். ஓட்டை விழுந்ததும் எண்பத்தேழில் மாண்ட்ரியல் என்கிற ஊரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். தங்கள் கணக்கைத் தொண்ணூற்றைந்தோடு மூடிவிட்டு, நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டாயிரத்துப் பத்து வரைக்கும் தவணை கொடுத்தார்கள். கூடவே ஏழைகளுக்கு உதவ ஒரு நிதி. அந்த நிதி கடல் தாண்டி, டில்லி தாண்டி, ஒவ்வொரு மேஜையிலும் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்து எங்கள் சேலையூருக்கு வந்து சேர்ந்தபோது ஒரு தொப்பியாகவும் ஒரு பிரியாணியாகவும் ஆகியிருந்தது.

பழைய கேஸைக் காற்றில் விடாமல் உறிஞ்சி எடுக்க ஒரு மெஷின் இருக்கிறது, அடுத்த தவணையில் எல்லாருக்கும் வரும் என்று சுப்ரமணியன் சொன்னாராம். அதைக் கேட்டவர்கள் ஒரு ஹால் நிறைய. நம்பியவர் ஒருவர்.

ஏன் நம்பினார் என்பதற்கும் காரணம் உண்டு. வகுப்பில் ஒரு படம் காட்டினார்களாம். தோல் வெந்து உரிந்த ஒரு சின்னக் குழந்தை. ‘இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைகளின் கதி இதுதான்’ என்று சொன்னார்களாம். அதே வாரம் செங்கல்பட்டிலிருந்து சேதி வந்தது. அங்கே கட்டிக்கொடுத்த பாயின் ஒரே மகள் ஷம்சாத் முழுகாமல் இருக்கிறாள். அந்தப் படத்துக் குழந்தையும் இந்தச் சேதியும் பாயின் மண்டைக்குள் ஒன்றாகப் போய் ஒட்டிக்கொண்டன. அந்த ஆபீசர் ஊர் ஊராகப் போய் அதே படத்தைக் காட்டியிருப்பார். மற்ற ஊர்க்காரர்கள் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போயிருப்பார்கள்.

மெஷின் வருகிற வரைக்கும் கேஸை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்குக் காஜா பாய் கண்டுபிடித்த பதிலை உலகத்தில் வேறு எந்த மெக்கானிக்கும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் இரும்புலியூர் பக்கம் டயர்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒட்டுப்போட்ட பழைய லாரி ட்யூபுகளைச் சும்மாவே தூக்கிக் கொடுப்பார்கள். பாய் அவற்றைக் கழுத்தில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டு டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்தார். ஃபிரிட்ஜின் குழாயைக் கடித்து, ஒரு ரப்பர் குழாயை மாட்டி, கேஸை ட்யூபுக்குள் விட்டார். ட்யூப் மெதுவாக மூச்சு வாங்கி எழுந்து நின்றது. பாய் ட்யூபின் மூக்கை அடைத்து, மூடியைத் திருகி, உள்ளே உருட்டிக்கொண்டு போய் ஜன்னல் ரூமில் சாய்த்து வைத்தார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மற்ற கடைகளுக்கும் போய்க் கை நீட்ட ஆரம்பித்தார்.

“சிட்டி, குழாயக் கடிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஆள் அனுப்பு. நான் வந்து புடிச்சுகினு போயிடறேன்.”

“இன்னா பாய், கறந்த பால் எடுக்க வர்ற மாதிரி வரியே. மாடு உதைக்கப் போவுது.”

“சிரி, சிரி. உன் பேரன் என்னைத் தேடி வந்து சலாம் வெப்பான்.”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல பாய்!”

சந்தில் அவருக்கு ‘ஓசோன்’ என்று பேர் வந்தது. கடைப் பலகையில் அவர் பேருக்கு முன்னால் யாரோ சாக்பீஸால் எழுதியும் வைத்தார்கள். அவர் அழிக்கவில்லை. அழித்திருந்தால் எழுதியவருக்கு ஒரு திருப்தியாவது இருந்திருக்கும்.

கோடை முழுக்க ஃபிரிட்ஜுகள் வந்தன. ஜன்னல் ரூமில் ட்யூபுகள் சுவரோரமாக நின்றன. பிறகு ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்தன. பிறகு ஜன்னலையே மறைத்தன. உள்ளே எட்டிப் பார்த்தால் கறுப்பு எருமைகள் மந்தையாகப் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். கம்ப்ரஸர் ஆயில் வாசனை வேறு. பாயும் அக்காவும் காற்றே வராத இன்னொரு ரூமுக்கு மாறினார்கள்.

மழைக்கு முன்னால் சுப்ரமணியன் ஒரு வெள்ளைக்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா ட்யூபுகளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பாயை நடுவில் உட்காரவைத்து, தொப்பி போடச் சொல்லி, படம் படமாக எடுத்தாள். ஹஃபீசா அக்கா டீ கொடுத்தாள். அந்த வெள்ளைக்கார அம்மா அதையும் படம் எடுத்தாள். ஆனால் குடிக்கவில்லை.

“மெஷின் சார்?” என்றார் பாய்.

“வந்துடும் பாய். அடுத்த தவணை. நீங்கதான் எங்களுக்கு மாடல்.”

ஜீப் போன பிறகு ஹஃபீசா அக்கா ஆறிப்போன டீயைக் கொல்லையில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் பேசியது சந்து முனை வரைக்கும் கேட்டது.

“ஏழாம் மாசம் வரப்போவுது. பொண்ண இட்டாரணும். தலைப்பிரசவம் தாய் வூட்லதான். எங்க படுக்க வெப்பீங்க?”

“மெஷின் வந்துடும்மா. அதுக்குள்ள எடுத்துகினு போயிடுவாங்க.”

“வரலன்னா?”

“வரும்.”

“வரலன்னா?”

“இன்னாம்மா நீ, புரியாம பேசற. இதெல்லாம் யாருக்கு? பொறக்கப்போற அந்தப் புள்ளைக்குத்தான!”

“அந்தப் புள்ளைய எங்க படுக்க வெக்கறது? ஓசோன் மேலயா? சம்பந்தி வூட்ல கேட்டா இன்னா சொல்ல? வூட்டுக்காரரு ரூமு நெறையா காத்து வெச்சுகினு கீறாரு, பொண்ண அங்கயே வெச்சுக்குங்கன்னு சொல்லவா?”

பாய் கடைக்குப் போய் ஒரு ஸ்குரூவை வெகு நேரம் திருகினார். அது ஏற்கெனவே இறுகின ஸ்குரூ.

செங்கல்பட்டிலிருந்து மாப்பிள்ளை சேதி அனுப்பினார். டாக்டரம்மா வெயிலில் அலையக் கூடாது, காற்றோட்டமான ரூமில் படுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். வியாழக்கிழமை கூட்டி வருகிறேன் என்றார். அதே வியாழக்கிழமைதான் அந்த அமைப்பின் ஆண்டு மாநாடு. அதே மவுண்ட் ரோடு ஓட்டல். பாய்க்கு அழைப்பு. மேடையில் அவரைப் பற்றிப் பேசப்போகிறார்களாம்.

“நேர்லயே கேட்டுடறேன். மெஷின இன்னிக்கே அனுப்புங்கன்னு கேட்டுடறேன்” என்று சொல்லிவிட்டு, தேய்த்த சட்டையும் தொப்பியுமாகப் பாய் புறப்பட்டார். துணைக்குச் சிட்டிபாபு. ஹஃபீசா அக்கா வாசலில் நின்று இருவரும் கேம்ப் ரோட்டில் திரும்புகிற வரைக்கும் பார்த்தாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

அந்த மத்தியானத்தைச் சந்தில் இருந்தவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். அக்கா ட்யூபை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். துவைக்கிற கல்லில் சாய்த்து, பாயின் பிளையரை வைத்து மூக்கில் இருந்த வால்வைக் கழற்றினாள். ஸ்ஸ்ஸென்று சீறல். அது அடங்குவதற்குள் அடுத்தது. எதிர்வீட்டு கங்கையம்மாள் பாம்போ என்று கட்டையோடு ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் கட்டையைப் போட்டுவிட்டு அவளும் ஒரு ட்யூபின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் சீக்கிரம் இறங்கும்.

“ஏம்மா ஹஃபீசா, இது மேல போய் ஓட்டைய பெரிசு பண்ணிடுமா?”

“தெரிலக்கா.”

“பண்ணா இன்னா ஆவும்?”

“தெரிலக்கா. புள்ள வர்றதுக்குள்ள ரூம கழுவணும்.”

சொல்லும்போது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேஸ் கண்ணில் பட்டிருக்கும். அந்த கேஸ் கண்ணை எரிக்காது என்று பாய் எங்களுக்கு நடத்திய பாடத்திலேயே உண்டு. அது கிடக்கட்டும். வற்றிப்போன ட்யூபுகளை மடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடினாள். ரூமைக் கழுவினாள். கட்டிலைப் போட்டாள். மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டுப் போக, ஷம்சாத் வந்து படுத்ததும் ஜன்னலைத் திறந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது.

அங்கே ஓட்டலில் நடந்ததைச் சிட்டிபாபு பிறகு எங்களுக்குச் சொன்னான். ஹாலில் ஏசி போட்ட போட்டில் எல்லாரும் சால்வை போர்த்திக்கொண்டு பூமி சூடாவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். பெரிய திரையில் பாயின் படம் வந்ததாம். சுற்றிலும் ட்யூபு, நடுவில் தொப்பி. இங்கிலீஷில் என்னவோ சொல்ல, ஹாலே கை தட்டியதாம். பாய் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்து நாலாப் பக்கமும் திரும்பினாராம். சாப்பாட்டு நேரத்தில் சுப்ரமணியனைப் பிடித்தார்.

“சார், மெஷின் இன்னிக்குக் கிடைக்குமா? வூட்ல பொண்ணு வருது.”

“மெஷின் பெரிய ஒர்க்ஷாப்புக்கு மட்டும்தான் பாய், டெல்லியில முடிவு பண்ணிட்டாங்க. சின்னக் கடை எல்லாம் ஸ்கீம்ல வராது.”

“அப்ப அந்தக் கேஸு?”

“திறந்து விட்டுடுங்க.”

“வுட்டுடறதா?”

“ரப்பர்ல எப்படியும் கசிஞ்சுடும் பாய். ஃபாக்டரிக்காரனே ரெண்டாயிரத்துப் பத்து வரைக்கும் டன் டன்னா செய்யலாம்னு ஒப்பந்தத்துல இருக்கு. உங்க நாலு ட்யூப்ல என்ன வந்துடப்போகுது?” என்று சொல்லிவிட்டு, தன் தட்டில் குலாப் ஜாமூன் வைத்துக்கொண்டாராம்.

பாய் அன்றைக்குப் பிரியாணி சாப்பிடவில்லை. தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கியதும் சொன்னாராம்: “சிட்டி, இத்த ஹஃபீசா கிட்ட சொல்லாத. அவ அன்னிக்கே சொன்னா. நான் எந்த மூஞ்ச வெச்சுகினு போய் அத்தத் தொறந்து வுடுவேன்?”

சாயங்காலம் அவர் சந்துக்குள் நுழைந்தபோது வாசலில் ஹஃபீசா அக்கா நின்றுகொண்டிருந்தாள். சந்தில் இருந்த எல்லாருக்கும் திடீரென்று வாசலில் வேலை வந்துவிட்டது. கங்கையம்மாள் பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினாள். பாய் செருப்பைக் கழற்றினார். ஈரத் தரை தெரிந்தது. ரூம் தெரிந்தது. திறந்த ஜன்னலும், கட்டிலில் மகள் தூங்குவதும் தெரிந்தன.

“ட்யூபெல்லாம்?”

அக்கா கையை முந்தானையில் துடைத்தாள்.

“உங்க ஆபீஸ்லேர்ந்து வேன் வந்துச்சுங்க. எல்லாத்தையும் எடுத்துகினு பூட்டாங்க.”

பாய் குனிந்து படிக்கட்டில் கிடந்த எதையோ எடுத்தார். பித்தளை வால்வு ஒன்று. கழுவிய தண்ணீரோடு அங்கே ஓடி வந்து நின்றிருக்க வேண்டும். அதைப் பார்த்தார். அக்காவின் கையைப் பார்த்தார். விரலெல்லாம் கிரீஸ். வால்வைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“வேனா?”

“ஆமா. நீல வேனு.”

“ஆமா, ஆமா” என்றார் பாய். “மீட்டிங்லயே சொன்னாங்க. இன்னிக்கே வண்டி அனுப்பறோம் பாய்னு சுப்ரமணியன் சாரே சொன்னாரு. கையப் புடிச்சு தேங்க்ஸ் சொன்னாரும்மா.”

சிட்டிபாபு வாயைத் திறந்தான். பாய் அவன் காலை மிதித்தார்.

இரண்டு பேரும் வாசலில் நின்று அப்படி ஒரு பொய் சொன்னார்கள். அவள் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். அவர் ஆமாம் என்றதும் அவளுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. தூங்குகிற பெண்ணைத் தவிரச் சந்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தச் சந்து சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

அக்கா உள்ளே போனாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு ட்யூபை உருட்டிக்கொண்டு வந்தாள். நிறைந்து விறைப்பாக இருந்தது.

“இது ஒண்ணுக்கு மட்டும் வண்டில எடம் இல்லியாம். உங்களயே பத்திரமா வெச்சுக்கச் சொன்னாங்க.”

பாய் அதை வாங்கிக்கொண்டார். பச்சைப் பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையாலும்.

உள்ளே கண் விழித்த ஷம்சாத் கேட்டாள்: “அத்தா, இன்னா இந்த ரூம்ல ஆயில் வாசனை அடிக்குது?”

“கொஞ்ச நாள்ல போயிடும் கண்ணு. நீ படு.”

பெண் குழந்தை பிறந்தது. தோல் உரியவில்லை, கொழுகொழுவென்று இருக்கிறது, ராத்திரியில் சந்தையே எழுப்புகிறது. அந்த அமைப்பு வழவழப்பான ஒரு புத்தகம் போட்டது. அட்டையில் காஜா பாய். வெற்றிக் கதையாம். புத்தகம் வந்த உறையில் இன்னொரு தொப்பியும் இருந்தது. ஹஃபீசா அக்கா அதைப் பிடிதுணியாக்கித்தான் சூடான பால் பாத்திரம் இறக்குகிறாள்.

பாய் இப்போதும் குழாயைக் கடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்கிறார். அப்புறம் கடிக்கிறார். வேறு என்ன செய்வார்? ஆனால் அந்த ஒற்றை ட்யூப் கடைக்குள் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டுகிறார்.

“ரப்பர்ல கசிஞ்சுடும்னாரு அந்த ஆபீசரு. ஒரு வருஷம் ஆவுது. இன்னா கசிஞ்சுது? த, தட்டிப் பாரு. கல்லு மாதிரி கீது.”

கல் மாதிரிதான் இருக்கிறது. ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட பழைய ட்யூப் எப்படி ஒரு வருஷம் கல் மாதிரி இருக்கும் என்று ஒரு மெக்கானிக்குக் கேட்கத் தோன்ற வேண்டாமா? இதைக்கூட யோசிக்காத ஆள்தான் ஓசோனைக் காப்பாற்றக் கிளம்பினார்.

கேம்ப் ரோட்டு சைக்கிள் கடையில் ஒரு பம்பு இருக்கிறது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து, அது காணாமல் போய்விட்டு அரை மணியில் திரும்பி வருகிறதாம். யார் எடுக்கிறார்கள் என்று சைக்கிள் கடைக்காரர் என்னை வந்து கேட்கிறார். எனக்கென்ன தெரியும்?